எதுக்கும் இருக்கட்டும்

பாம்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு வகை. பாம்பே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, ‘இன்னும் ஏன் வரலை’ என்று பயப்படுகிறவர்கள் இன்னொரு வகை. தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் லாரிகளுக்கு ஒயரிங் செய்துவந்த அந்த எலெக்ட்ரீஷியன் இரண்டாவது வகையில் முதல் வரிசை.

வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். இப்படி இழுத்து இழுத்தே ஒருநாள் பூட்டு கழன்று கையோடு வந்துவிட்டது. “பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்” என்றார், ஜெயித்தவர் மாதிரி. இடுப்பில் பெல்ட் உண்டு; பெல்ட் அறுந்தால் என்ன செய்வது என்று உள்ளே ஒரு நாடாவும் உண்டு. டார்ச் லைட் இரண்டு வைத்திருந்தார். ஒன்று வேலைக்கு, இன்னொன்று அந்த ஒன்றைத் தேடுவதற்கு.

தொழிலிலும் அப்படித்தான். ஒரு ஃபியூஸ் போதும் என்ற இடத்தில் இரண்டு. ஒரு சுற்று டேப் போதும் என்ற இடத்தில் ஒயர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு டேப். கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும்” என்பார். வேலை முடிந்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கும்போது அவர் வாயிலிருந்து தானாக வரும் சொல் அது. நாளடைவில் அதில் முதல் பாதியை எடுத்து அவருக்கே பெயராக வைத்துவிட்டார்கள். “எதுக்கும் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டு டிரைவர்கள் வருவார்கள். அவரும் “வாங்க, வாங்க” என்பார். கோபித்துக்கொள்ளவும் பயம்.

“கரண்டுக்குப் பயப்படுறவன்தான் கரண்ட் வேலைக்கு லாயக்கு” என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் ஒயரிங் செய்த வண்டி எதுவும் எரிந்ததாகக் கேள்வியே கிடையாது. அவர் சுற்றும் டேப்பின் எடைக்கே டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்று பக்கத்து ஷெட் வெல்டர் சொல்வார். அது தொழில் வயிற்றெரிச்சல்.

அதே ஷெட்டின் இன்னொரு பாதியில் அவருடைய மனைவி வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துவந்தார். ஒருமுறை காலடியில் வந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே வீசிவிட்டு, தையல் கோணாமல் மீதியை முடித்தவர். ஒரே மகள் அம்மாவைக் கொண்டு பிறந்தாள். பயம் என்கிற குடும்பச் சொத்து பங்கு பிரிக்காமல் முழுசாக அப்பாவிடமே தங்கிவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பயந்துகொண்டிருந்தார்.

மகள் தண்ணீர் லாரி ஓட்டினாள். ஊரை ஒட்டிய மலைச்சரிவின் மேலே கொஞ்சம் வீடுகளும், ஏறுகிற வழியில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. குழாய்த் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது, லாரி ஏறும். லாரி என்றால் நீங்கள் நினைக்கிற லாரி இல்லை. பழைய இரும்புக்குப் போக வேண்டிய ஒரு கிழட்டு லாரியின் உடம்பு, விபத்தில் முகம் நசுங்கிப்போன ஒரு புது லாரியின் என்ஜின். இரண்டுக்கும் வெல்டர்தான் கல்யாணம் செய்துவைத்தார். உடம்புக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. என்ஜினோ கம்ப்யூட்டர் சொல்லாமல் மூச்சுவிடாத ரகம். ஆகவே புது லாரியின் கம்ப்யூட்டர்கள் இரண்டையும் சீர்வரிசை மாதிரி கூடவே அழைத்துவர வேண்டியதாயிற்று. ஒன்று என்ஜினோடு. இன்னொன்று கேபினில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.

இந்த வண்டியில் ஆக்சிலரேட்டருக்கும் என்ஜினுக்கும் நேரடி உறவு கிடையாது. மிதித்தால் கேபின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் வண்டி இழுக்கும். நடுவில் தூது போவது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்கள். சம்பந்திகள் பேச்சை நிறுத்தினால் கல்யாண வீடு என்ன பாடுபடும் என்பது தெரிந்ததுதான்.

அந்த ஒயரிங் முழுக்க அப்பாவின் கைவேலை.

அன்று உச்சி வெயிலில் மகள் திரும்பி வந்தாள். வண்டியை ஷெட்டுக்கு முன்னால் விட்டுவிட்டு இறங்கி, நேராகக் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

“போதும்டி, மூஞ்சி தேஞ்சிடப்போகுது” என்றார் அம்மா.

“பள்ளிக்கூட வளைவுல பெடல் செத்துப்போச்சும்மா.”

எதுக்குமின் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது.

“செத்துப்போச்சுன்னா?”

“மீட்டர் முள்ளு எல்லாம் ஒண்ணா படுத்துடுச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், என்ஜின் எனக்கென்னன்னு முனகிக்கிட்டு நிக்குது. நல்ல ஏத்தம். டாங்கி நிறைய தண்ணி. வண்டி பின்னாடி போகுது.”

“பின்னாடின்னா?”

“பின்னாடின்னா பின்னாடிதான்ப்பா. முன்னாடிக்கு எதிர்ப்பக்கம்.”

“உனக்குப் பின்னாடி யாரு இருந்தா?”

மகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு துடைத்தாள். துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

“ஸ்கூல் வேன்.”

தையல் மெஷின் நின்றது.

“ஒண்ணும் ஆகலை. பிரேக் பிடிச்சிடுச்சு. ஒரு கை தூரம் இருந்துச்சு. ரோட்டுல போன ரெண்டு பேரு ஓடிவந்து சக்கரத்துக்குக் கல்லு வெச்சாங்க. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறிடுச்சு, சமத்து.”

“கல்லா? நான் கட்டை செஞ்சு குடுத்தேனே, நாலு கட்டை!”

“கடகடன்னு சத்தம் போடுதுன்னு இறக்கிவெச்சேன். அதோ மூலையில இருக்கு பாரு.”

எதுக்கும் அண்ணனின் பயம் வழக்கமாக வாயாடி. காஸ் அடுப்பு, கதவு, இடி, நாய் என்று நாள் முழுக்க அவரோடு பேசிக்கொண்டே இருக்கும்; அதனால்தான் அவரால் அதோடு குடித்தனம் நடத்த முடிந்தது. இன்று வந்தது பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் பின்னோக்கி வரும் தண்ணீர் டாங்கியைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

“சாயங்காலம் இன்னொரு நடை இருக்கு” என்றாள் மகள்.

“போகக் கூடாது.”

“மேல தொட்டி காலிப்பா. குடிக்க என்ன பண்ணுவாங்க?”

“வேற வண்டியைக் கூப்பிடட்டும்.”

“வேற எந்த வண்டி அந்த ஏத்தத்துல ஏறுது? ஸ்கூல் விட்டு வேன் இறங்கினதுக்கு அப்புறமாப் போறேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடு. கண்டுபிடிக்காட்டியும் போவேன்.”

சொன்னால் செய்கிற பெண். அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் சொருகினார். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே தொடர்பு போனது என்று அது சொன்னது. கோள் சொல்கிறவர்கள் இப்படித்தான். சண்டை நடந்தது என்பார்கள், யார் ஆரம்பித்தது என்று சொல்லமாட்டார்கள். எதுக்கும் முதலில் அடுத்தவர்கள் வேலையை எல்லாம் சோதித்தார். பேட்டரி முனைகள் கெட்டியாக இருந்தன. சார்ஜ் ஒழுங்காக ஏறியது. கனெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு பின்னையும் பார்த்தார். துருவும் இல்லை, ஈரமும் இல்லை. கடைசியில், கரண்ட் இரும்புச் சட்டத்தில் இறங்கும் எர்த் போல்ட்டுக்கு வந்தார்; அடியில் பெயின்ட் இருந்தால் கரண்ட் இறங்காது. சேஸிஸில் அதை வைத்தது வெல்டர். எதுக்குமின் மனசு கொஞ்சம் லேசானது.

“யோவ்! எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட் அடிச்சிருக்கியாய்யா?”

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். “கழட்டிப் பாரு. அடியில இரும்பு பளபளன்னு இல்லைன்னா மீசையை எடுத்துடறேன்.”

கழற்றினார். பளபளவென்று இருந்தது. மீசை தப்பித்தது.

“அந்த ரெண்டு ஒயரை அளந்தியா?” என்றார் வெல்டர்.

“அது நான் போட்டது.”

“அதான் கேக்கறேன்.”

“அதுல என்ன இருக்கப்போகுது? அதுக்குப் போட்டிருக்கிற டேப்பே…”

“டேப்பை அளக்கச் சொல்லலையே நான்.”

எதுக்கும் மீட்டரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். துணியால் துடைத்தார். வண்டியில் வேறு எங்கே குற்றம் இருந்தாலும் அது வண்டியின் குற்றம். அந்த இரண்டு ஒயரில் இருந்தால்? அதற்கு மேல் அந்த நினைப்பை அவர் போகவிடவில்லை. என்ஜினை ஓடவிட்டார். ஒயர்க் கட்டைப் பிடித்து உலுக்கினார், சுத்தியல் பிடியால் தட்டினார், தண்ணீர் தெளித்தார். முட்கள் எல்லாம் விறைப்பாக நின்றன. டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுபோகிற இருமல் மாதிரி, வந்த வியாதியைக் காணோம். அதுதான் அவரை இன்னும் நடுங்கவைத்தது. கண்ணெதிரே கெட்டால் பிடித்துவிடலாம். இது அந்த வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு அவர் மகளுக்காகக் காத்திருந்தது.

மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டார்: “ஏங்க, நான் சீட் கவர் மாட்டறதுக்கு முன்னாடி, கடைசியா பின்னால ஏதோ ஒண்ணைச் சொருகினீங்களே. அதைப் பார்த்தீங்களா?”

“அது பாதுகாப்புக்குப் போட்டது.”

“யாரு பாதுகாப்புக்கு? உங்களுக்கா, அவளுக்கா?”

எதுக்குமுக்குக் காது கேட்கவில்லை. தேவைப்படும்போது கேட்காமல் போகிற காது அது.

தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மகள் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். எதுக்கும் லாரிக்கு முன்னால் போய் நின்றார்.

“வழியை விடுப்பா.”

“நானும் வர்றேன்.”

வெல்டர் கையிலிருந்த வேலையை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். இந்த வண்டி உருவானதிலிருந்து எதுக்கும் அதில் ஏறி வாசல் வரைகூடப் போனதில்லை. இப்போது கட்டைகள் நான்கையும் தூக்கிப் போட்டார். இரண்டு மீட்டர், ஸ்கேனர், இரண்டு டார்ச் லைட். நல்ல வெயில்.

“டார்ச்சு எதுக்குய்யா?” என்றார் வெல்டர்.

எதுக்கும் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

டாங்கியை நிரப்பிக்கொண்டு ஏற்றம் பிடித்தார்கள். சமதரையில் பெரிசாகத் தெரியாத தண்ணீர், ஏற்றத்தில் தன் எடையைக் காட்டியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது பின்னால் போய் ஒரு மோது மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் எதுக்கும் சீட்டோடு ஒட்டிக்கொண்டார். மடியில் ஸ்கேனர். அதில் ஓடும் எண்களைப் பார்க்க வேண்டும். அவர் கண்ணோ பக்கவாட்டில் கீழே, வீட்டுக் கூரைகள் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்தது.

“மூச்சை விடுப்பா. பிடிச்சு வெச்சா வண்டி லேசாகாது.”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீதான் என்னையே பார்க்கிறே.”

அது உண்மை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. இந்தப் பெண்ணுக்குப் பயமே கிடையாது என்று இத்தனை காலம் நம்பி வந்தவர், அந்த வெளுப்பைப் பார்த்ததும் ஸ்கேனர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ஜின் சூடேறியது. ரேடியேட்டரின் பெரிய மின்விசிறி திடீரென்று ‘ஹோ’ என்று சுற்ற ஆரம்பித்தது. சாலை வளைந்தது. மஞ்சள் அடித்த பள்ளிக்கூடச் சுவர், பூட்டிய கேட், கேட்டுக்கு வெளியே யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு சின்ன ஷூ.

முட்கள் படுத்தன.

எல்லாம் ஒன்றாக, யாரோ வெட்டிச் சாய்த்த மாதிரி. ஸ்கேனரில் எண்கள் மறைந்து கோடு கோடாக நின்றது. மகளின் கால் பெடலைத் தரை வரை மிதித்திருந்தது, என்ஜின் முனகியது. ஒரு கணம் வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் யோசித்தது. அப்புறம் பள்ளிக்கூடச் சுவர் மெதுவாக முன்னோக்கி நகர ஆரம்பித்தது. சுவர் நகராது, நாம்தான் நகர்கிறோம் என்று அவருக்கு உறைத்தபோது டாங்கித் தண்ணீர் பின்னால் போய் மோதியது. வண்டி குலுங்கிக்கொண்டு வேகம் பிடித்தது. எதுக்கும் கத்த வாய் திறந்தார், காற்றுதான் வந்தது.

மகள் பிரேக்கை மிதித்தாள். ஹேண்ட் பிரேக்கையும் போட்டாள். வண்டி ஒரு முக்கல் முக்கி நின்றது.

“கட்டை!” என்றாள்.

அவர் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. நான்கு கட்டைகளையும் சக்கரங்களுக்குப் பின்னால் சொருகி, ஒவ்வொன்றையும் காலால் உதைத்து இறுக்கினார். பின்னால் சாலை காலியாக இருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க, அதில் ஒரு வேன் நின்றது.

என்ஜினை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஒயரை அளந்தார். மதியமே அளந்திருக்க வேண்டியது. அறுபது ஓம் காட்ட வேண்டும். நாற்பது காட்டியது.

மீட்டரைத் தட்டினார். நாற்பது. இரண்டாவது மீட்டரை எடுத்தார். அதுவும் நாற்பது. இரண்டு மீட்டர் வாங்கி வைத்ததற்காக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

விஷயம் சின்னது. வெறும் அறையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பும் இல்லையா? ஒயரிலும் அப்படித்தான். அதனால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர், சுவரில் மெத்தை தொங்கவிட்ட மாதிரி. அவை இரண்டும் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே இருந்தன. எதுக்குமுக்கும் அது தெரியும். ஆனால் கடைசி நாளில், சீட் கவர் மாட்டுவதற்கு முன், அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டில் ஒன்று செத்துப்போனால்? மகள் போகிற வண்டியாயிற்றே? மூன்றாவதாக ஒன்றைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டினார்; இரண்டுக்கு அறுபது காட்ட வேண்டிய மீட்டர் மூன்றுக்கு நாற்பது காட்டியது அதனால்தான். ஸ்டெப்னி டயர் மாதிரி அது சும்மா காத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். அது காத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பேச்சின் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டிலும், வெயில் தணிந்த நாட்களிலும் எல்லாம் அமைதியாக இருக்கும்போது மீதிச் சத்தம் கேட்டது. இந்த வெயிலில், ஏற்றத்தில் சூடேறி, விசிறியும் சேர்ந்து ஒயர்களில் இரைச்சல் போட்டபோது கேட்கவில்லை.

“என்னப்பா? ஏன் இப்படி நிக்கிறே?”

“நான்தான்.”

“என்ன நீதான்?”

“உன் வண்டியைப் பின்னாடி தள்ளினது நான்தாம்மா. சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு கூடப் போட்டுட்டேன்.” ஏன் போட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மகள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பி, கேட்டுக்கு வெளியே கிடந்த சின்ன ஷூவைப் பார்த்தாள்.

“இப்ப என்ன பண்ணணும்?”

“வெட்டணும்.”

“வெட்டு.”

சேர்த்தே பழகின கை. எடுத்துப் பழக்கமில்லை. சீட் கவரில் மனைவி போட்ட தையலைப் பிரிக்கவே நேரம் பிடித்தது. உள்ளே கைவிட்டால் டேப். உரித்தால் அடியில் டேப். அதையும் உரித்தால் இன்னும் டேப்.

“எவன்யா இப்படிச் சுத்தியிருக்கான்!” என்றார் தன்னை மறந்து.

“தெரியலைப்பா. யாரோ பெரிய பயந்தாங்கொள்ளி.”

அவள் சிரிக்கவில்லை; ஆனால் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. அந்த இளக்கத்தில் அவருக்குக் கண் கலங்கி, எது ஒயர் எது விரல் என்று தெரியாமல் போய், ஒரு நிமிஷம் காத்திருந்து வெட்டினார். வெட்டிய இரண்டு முனைகளையும் தனித்தனியாகச் சுற்றினார். ஒரே சுற்று டேப். கை இரண்டாவது சுற்றுக்குப் போனது, நிறுத்திக்கொண்டார்.

அறுபது. இரண்டு மீட்டரும் அறுபது.

“நீ வேணா நடந்து வாப்பா. மேல போய் நிறுத்தறேன்” என்றாள் மகள், ஸ்டியரிங்கில் ஏறிக்கொண்டே.

எதுக்கும் ஏற்றத்தைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். கட்டைகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினார். இழுத்துப் பார்த்தார்.

வண்டி ஏறியது. விசிறி ‘ஹோ’ என்றது. முட்கள் நிமிர்ந்தே நின்றன. மேலே போய்ச் சேரும்வரை அவர் முட்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவற்றைத் தன் கண்ணால் பிடித்து நிறுத்தி வைத்திருப்பவர் போல, இமைகூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மேலே தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்கள் குடத்தோடும் வாளியோடும் நின்றார்கள். மகள் ஹோஸை மாட்டி வால்வில் கை வைத்தாள். எதுக்கும் அவள் கையைப் பிடித்தார்.

“திறக்காதே.”

“ஏன்?”

“பாரம் இருக்கும்போதே பார்க்கணும். ஒரு தடவை ஏறினது வண்டி சூடு தணிஞ்சு நின்னதாலயோ என்னவோ. கீழ போயி, டாங்கி நிறைய தண்ணியோட, திரும்ப அந்த வளைவுல ஏறிப் பார்த்துடுவோம்.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“உசுரு போகுது. வண்டியை எடு.”

“ஏம்மா, தண்ணி வந்துச்சா, இல்லை காட்டிட்டுப் போக வந்தீங்களா?” என்று வாளியோடு நின்ற ஒரு அம்மாள் கத்தினார். லாரி திரும்பி இறங்கியது.

அடிவாரம் வரை போனார்கள். ஏறினார்கள். விசிறி சுற்றியது, டாங்கியில் தண்ணீர் மோதியது, பள்ளிக்கூடச் சுவர் வந்தது, இருந்த இடத்திலேயே நின்றது, கடந்துபோனது. முட்கள் அசையவில்லை. மேலே வந்து நின்றும் எதுக்கும் இறங்கவில்லை. கையில் பிடித்திருந்த கட்டையை அவரால் விரல்களிலிருந்து விடுவிக்க முடியவில்லை. மகள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். அவள் விரல்களும் சில்லென்று இருந்தன.

ஹோஸை மறுபடி மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பத் திறக்கலாமா?”

எதுக்கும் வளைவு இருந்த பக்கம் திரும்பி யோசித்தார்.

அவர் யோசிக்கிறார் என்று தெரிந்ததும் மகள் வால்வைத் திறந்துவிட்டாள்.